கதவு தட்டும் சத்தமும் மூளையின் கணிப்பும்

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி விடியப்புறம் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இருந்த லொட்ஜுகளின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். விசாவுக்குக் காத்திருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று 376 தமிழர்கள் உடுத்த உடுப்போடும் கையில் அகப்பட்ட பையோடும் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சட்டத்தைப் பொறுத்தவரை விடயம் அத்தோடு முடிந்தது. அந்தக் கதவுகளுக்கு உள்ளே படுத்திருந்தவர்களின் உடல்களில் அது அவ்வளவு விரைவில் முடிந்திருக்காது. அதற்கான காரணத்தைக் கடந்த நூறாண்டு ஆய்வுகள் படிப்படியாகத் தெளிவாக்கியிருக்கின்றன.

கதவில் விழும் தட்டு வெறும் காற்றதிர்வுதான். தேநீர் கொண்டுவரும் பையன் தட்டினாலும் செவிப்பறையில் விழுவது ஏறத்தாழ அதே அதிர்வு. ஆனால் ஒரு தட்டுக்கு மனிதர் சோம்பல் முறித்து எழும்புகிறார். மற்றத் தட்டுக்கு நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது எது? உடலின் எந்தப் பகுதி, எந்த வழியாக?

முதல் விடை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கெனனிடமிருந்து வந்தது. 1915இல் வெளியான நூலில், பயமும் கோபமும் அதிரினல் சுரப்பியைத் தூண்டுவதையும், அதிலிருந்து வரும் அதிரினலின் இதயத்தை விரைவாக்கி, குருதியில் குளுக்கோசைக் கூட்டி, சமிபாட்டை நிறுத்திவைத்து உடலைப் போராடவோ ஓடவோ தயார் செய்வதையும் அவர் விளக்கினார். 1936இல் மொன்றியல் நகரிலிருந்து ஹான்ஸ் செலியே 'நேச்சர்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். குளிர், காயம், நஞ்சு, மிகையான உழைப்பு என எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடலில் ஒரே மூன்று மாற்றங்கள் தெரிந்தன: அதிரினல் வீங்கியது, தைமசு சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. எந்தத் தாக்கத்துக்கும் உடல் தரும் பொதுவான பதில் ஒன்று உண்டு என்றார் செலியே. நெருக்கீடு பற்றிய அறிவியல் இந்த இரண்டு அடித்தளங்களிலிருந்தே எழுந்தது.

ஆனால் இரண்டு பேரின் சித்திரத்திலும் ஒரு குறை இருந்தது. தாக்கம் வருகிறது, சுரப்பி வேலை செய்கிறது. நடுவில் இருக்கும் மூளை வெறும் தபாற்காரனாக நிற்கிறது. அந்தக் குறையை மிக எளிய பரிசோதனை ஒன்றால் வெளிக்கொண்டுவந்தவர் ஜோன் மேசன். குரங்குகளைப் பட்டினி போட்டால் அவற்றின் அதிரினல் ஓமோன்கள் ஏறுவது முன்பே தெரிந்த விடயம். மேசன் சில குரங்குகளுக்குப் பழச்சுவை ஊட்டிய, சத்தே இல்லாத உருண்டைகளைத் தின்னக் கொடுத்தார். அவற்றின் உடலுக்குக் கிடைத்த போசாக்கு பூச்சியம், பட்டினி அதே பட்டினி. ஆனால் ஓமோன் ஏறவில்லை. சாப்பாடு பறிக்கப்பட்டது என்பதைக் குரங்கு உணராதவரை அதன் அதிரினலும் உணரவில்லை. என் கணிப்பில் இந்தத் துறையின் போக்கைத் திருப்பிய பரிசோதனை இதுதான். உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, நேர்ந்ததை மூளை என்னவென்று எடுத்துக்கொண்டது என்பதே சுரப்பிக்குக் கட்டளையாகப் போகிறது.

அந்தக் கட்டளை இரண்டு வழிகளில் இறங்குகிறது. நம் பாடசாலை நூல்கள் இவற்றைத் தந்திருக்கின்றன, ஆனாலும் பரீட்சை முடிந்ததும் பலருக்கும் மறந்துபோகின்றன.

முதலாவது விரைவான வழி. மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள பரிவகக்கீழிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் கட்டளை முண்ணாணுக்கு இறங்கி, பரிவு நரம்புகள் ஊடாக இதயத்துக்கும் குருதிக் குழாய்களுக்கும் அதிரினல் சுரப்பியின் மையவிழையத்துக்கும் போகிறது. இது நரம்பு வழி என்பதால் கட்டில் கிரீச்சிடும் முன்னரே இதயம் அடிக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது வழி குருதியினூடாகச் செல்வதால் மெதுவானது. பரிவகக்கீழ் விடுவிக்கும் ஓர் ஓமோன் கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. கபச்சுரப்பியின் ஓமோன் அதிரினலின் மேற்பட்டையை எட்டுகிறது. அங்கிருந்து கோட்டிசோல் வெளிவருகிறது. இருபது முப்பது நிமிடங்களில் அது உச்சத்துக்கு வரும். பஸ் நகரின் எல்லையைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர்களின் குருதியில் ஓடிக்கொண்டிருந்திருக்கக்கூடியது இதுதான். இந்த வழியின் தலைவாசலில் நிற்கும் பரிவகக்கீழ் ஓமோனை, 41 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலியை, வைலி வேலும் அவரது குழுவினரும் 1981இல்தான் இனங்கண்டார்கள். செலியேயின் கடிதத்துக்கு 45 ஆண்டுகளின் பின்னர்.

கோட்டிசோலை எதிரியாகப் பேசும் வழக்கம் பத்திரிகைகளில் பரவியிருக்கிறது. அது தவறு. கோட்டிசோல் இல்லாமல் காலையில் கட்டிலைவிட்டு எழும்பவும் முடியாது; நாம் கண்விழித்த அரைமணி, முக்கால் மணிக்குள் அது இயல்பாகவே ஏறுகிறது. போதுமான அளவு வந்ததும் அது மூளைக்கே திரும்பிப் போய், பரிவகக்கீழையும் கபச்சுரப்பியையும் நிறுத்தச் சொல்கிறது. 1968இல் புரூஸ் மெக்கியூவன் எலி மூளையில் எதிர்பாராத ஓரிடத்தில், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகம்பஸில், இந்த ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் நிறைந்திருப்பதைக் கண்டார். சுரப்பியின் ஓமோன் நினைவின் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது என்றால், நெருக்கீடு மூளையையே மாற்றும் என்று பொருள். அடுத்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் அதையே உறுதிசெய்தன.

இனி, கட்டளை எங்கே பிறக்கிறது என்ற கேள்வி. நெடுங்காலம் இதற்குச் சொல்லப்பட்ட விடை, மூளையின் ஆழத்தில் உள்ள பழைய பகுதிகள், குறிப்பாக அமிக்டலா என்பதாகும். சிந்திக்கும் மேற்பட்டை மேலே நின்று அதை அடக்க முயல்கிறது என்ற கதையும் கூடவே வந்தது. 2016இல் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் பீற்றர் ஸ்றிக், றிச்சர்ட் டம், டேவிட் லெவின்தல் ஆகியோர் இந்தக் கதையைத் திருத்தி எழுதினார்கள். நரம்புகளின் வழியே பின்னோக்கி ஏறிச்செல்லும் இயல்பு நீர்வெறுப்பு நோய் வைரசுக்கு உண்டு. அதைக் குரங்கின் அதிரினல் மையவிழையத்தில் செலுத்தி, அது மூளையில் எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தார்கள். மேற்பட்டையின் ஒன்றிரண்டு இடங்கள் தென்படலாம் என்று எண்ணியிருந்தவர்கள் பல இடங்களைக் கண்டார்கள். உடலை அசைக்கும் இயக்கப் பகுதிகள், அவற்றிலும் குறிப்பாக நடுவுடலின் தசைகளை ஆளும் பகுதி. திட்டமிடவும் தீர்மானிக்கவும் உதவும் முன்மூளைப் பகுதிகள். உணர்ச்சியோடும் துயரத்தோடும் தொடர்புள்ள உட்பக்கப் பகுதிகள். இவை யாவற்றுக்கும் அதிரினலுக்குச் செல்லும் வழி உண்டு.

இதன் பொருள் பெரிது. ஒருவர் நடக்கும் விதமும் நிமிர்ந்திருக்கும் விதமும், நாளைக்கு என்ன நடக்கும் என்று கணக்குப் போடும் விதமும், பழைய இழப்பை நினைத்துக்கொள்ளும் விதமும் சுரப்பியை எட்டுகின்றன. யோகாசனமும் நடைப்பயிற்சியும் ஏன் சிலரை அமைதிப்படுத்துகின்றன என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கலாம் என்று ஸ்றிக்கின் குழுவினரே கருதினார்கள். 2020இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் நவோயா கட்டோகாவும் கசுஹிரோ நக்கமுராவும் எலிகளில் இன்னொரு துண்டைக் கண்டெடுத்தார்கள். முன்மூளையின் அடிப்புறத்தில் ஒரு சிறு பகுதியிலிருந்து பரிவகக்கீழுக்குப் போகும் நரம்பு வழியை அவர்கள் அடைத்தபோது, பலசாலியான எலியிடம் அடிவாங்கிய எலிக்கு வழக்கமாக ஏறும் உடல் வெப்பமும் குருதியமுக்கமும் ஏறவில்லை. அந்தப் பலசாலியைக் கண்டு ஒதுங்கும் பழக்கமும் குறைந்தது.

இந்த இடத்தில் நம் ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தலையிடி, நெஞ்சிடி, உடம்பு எரிவு, கைகால் விறைப்பு, நித்திரையின்மை என்று வருபவர்களிடம் ஈசிஜியும் குருதிப் பரிசோதனையும் செய்து, 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தமது நூலிலும் பின்னைய கட்டுரைகளிலும், நம் மக்கள் உளத்துயரத்தை உடலின் மொழியிலேயே கொண்டுவருகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அதை நோயாளியின் கற்பனை என்றோ கல்வியறிவுக் குறைவு என்றோ கொள்பவர்கள் ஸ்றிக்கின் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். துயரத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிக்கு அதிரினல் வரை நரம்பு இருக்கும்போது, துயரம் நெஞ்சில் அடிப்பதாகச் சொல்பவர் தம் உடலில் நடப்பதைத்தான் சொல்கிறார்.

அந்த நெஞ்சடிப்பு சில வேளை உயிரையும் எடுக்கும். 1994 ஜனவரி 17ஆந் திகதி அதிகாலை லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியை நோர்த்ரிட்ஜ் நிலநடுக்கம் உலுக்கியது. இதய நோயால் திடீரென இறப்பவர்கள் அங்கே நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 பேர். அன்று 24 பேர் அவ்வாறு இறந்தார்கள். ஏற்கெனவே குருதிக் குழாய்கள் தடித்துப்போயிருந்த இதயங்களுக்கு அந்த அதிரினல் பெருக்கைத் தாங்க முடியவில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

நினைவுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனையின் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்று நாடு முழுவதும் பல இடங்களில் நடந்த தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொட்டாஞ்சேனைக்கு இது முதல் வெடிச்சத்தமல்ல. 1996 ஜனவரி 31ஆந் திகதி கோட்டையில் மத்திய வங்கி தகர்க்கப்பட்டதையும், அதே ஆண்டு ஜூலை 24ஆந் திகதி தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்ததையும், அவற்றுக்கெல்லாம் முன்னர் 1983 ஜூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்ததையும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த இரண்டு ஊர்களிலும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கின்றன.

அமிக்டலா ஓர் அபாயத்தை அதைச் சூழ்ந்திருந்த எல்லாவற்றோடும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது: புகை மணம், வீதியில் ஓடுபவர்களின் செருப்புச் சத்தம், ஒரு கிழமை, ஒரு நேரம். 'அது அன்று, அங்கே நடந்தது' என்று இடத்தையும் காலத்தையும் குறித்து வைப்பது ஹிப்போகம்பஸ். கடும் நெருக்கீட்டில் அமிக்டலாவின் பதிவு ஆழமாக விழுகிறது, ஹிப்போகம்பஸின் குறிப்போ மங்கலாகிவிடுகிறது. மனவடு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஏற்றத்தாழ்வுதான். பல ஆண்டுகளின் பின் புதுவருடப் பட்டாசு வெடிக்கும்போது, நினைவு தேதியைத் தொலைத்துவிட்டு வருகிறது. கணிக்கும் மூளைக்கு அது பழைய செய்தியாகத் தெரிவதில்லை. இப்போது நடப்பதாகவே தெரிகிறது. கட்டளையும் அதற்கேற்பவே இறங்குகிறது.

இப்படி அடிக்கடி இறங்கும் கட்டளைக்கு உடல் விலை கொடுக்கிறது. மெக்கியூவனும் எலியட் ஸ்டெலாரும் 1993இல் இந்த விலைக்கு ஒரு வரையறை தந்தார்கள்: ஈடுகொடுத்து ஈடுகொடுத்தே உடலில் சேரும் தேய்மானம். உயர் குருதியமுக்கம், இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, நீரிழிவை நோக்கிய சாய்வு, குன்றிய நோய் எதிர்ப்பு. வெள்ளவத்தையில் 'பிரஷரும் சுகரும்' இல்லாத வீட்டைத் தேடிப்பிடிப்பது கடினம். உணவும் மரபும் உடலுழைப்பின்மையும் அதற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. அந்தக் கணக்கில் பல தசாப்த அச்சத்துக்கும் ஒரு நிரல் இருக்க வேண்டும் என்பது என் வாதம். வடக்கில் இந்தச் சுமையின் உளப் பக்கத்தை அளந்திருக்கிறார்கள். போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில் பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும், மனவடுவுக்குப் பின்னான நெருக்கீட்டின் அறிகுறிகள் 7.0 வீதத்தினரிடமும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நெடுங்கால நெருக்கீடு என்றால் கோட்டிசோல் என்றும் உயர்ந்தே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. றேச்சல் யெகுடா நாஜிகளின் இனவழிப்பில் தப்பிய யூதர்களைப் பரிசோதித்தபோது, மனவடு நோய் நீடித்தவர்களின் கோட்டிசோல் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை. நிறுத்தச் சொல்லும் சமிக்ஞைக்கு மூளை அளவுக்கு மீறிக் கூருணர்வு கொண்டுவிடுகிறது என்பது யெகுடாவின் விளக்கம். எச்சிலில் கோட்டிசோலை ஒருமுறை அளந்து 'உங்கள் நெருக்கீடு இவ்வளவு' என்று அறிக்கை விற்பவர்களை நம்பாதிருக்க இதுவே போதுமான காரணம்.

எந்த விதமான நெருக்கீடு கோட்டிசோலை அதிகம் ஏற்றுகிறது? சலி டிக்கர்சனும் மார்கிறட் கெமெனியும் 2004இல் 208 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு அம்சங்கள் மேலெழுந்தன: பிறர் முன்னிலையில் மதிப்பிடப்படுவது, நம் கையில் ஏதும் இல்லாதிருப்பது. இரண்டும் சேர்ந்தபோது ஏற்றம் மிக அதிகம். பத்து வயதுப் பிள்ளையை ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அனுப்பி, புள்ளி வெளிவந்த அன்று உறவினர் எல்லோருக்கும் தொலைபேசி எடுக்கும் நம் வழக்கம் இந்த இரண்டையும் சேர்த்தே தருகிறது. காலி வீதியின் டியூட்டரி வாசல்களில் இரவு எட்டு மணிக்கு நிற்கும் உயர்தர மாணவரின் நிலையும் அதுதான். நகர வாழ்வும் தன் பங்கைச் சேர்க்கிறது. 2011இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், குறை சொல்லப்பட்டபடியே கணக்குப் போட வைக்கப்பட்டவர்களில், அப்போது பெருநகரத்தில் வசித்தவர்களின் அமிக்டலா கூடுதலாகக் கிளர்ந்தது. நகரத்தில் வளர்ந்தவர்களிடம் அமிக்டலாவை நெறிப்படுத்தும் முன்பகுதியில் மாற்றம் தெரிந்தது.

கட்டுப்பாடு கையில் இல்லாமை என்ற அம்சத்தில்தான் என் மனம் அதிகம் தங்குகிறது. ஜே வைஸ் 1960களின் இறுதியிலிருந்து செய்த பரிசோதனைகளில், ஒரே அளவு மின்னதிர்ச்சி பெற்ற எலிகளில், முன்கூட்டியே எச்சரிக்கை ஒலி கேட்டவற்றுக்கு இரைப்பைப் புண் குறைவாக இருந்தது. ஒரு சில்லைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தவற்றுக்கும் குறைவாகவே இருந்தது. ஸ்டீவன் மேயர் 1967இல் மார்ட்டின் செலிக்மனோடு சேர்ந்து, தப்ப வழியில்லாத அதிர்ச்சியைக் கண்ட நாய்கள் பின்னர் வழி திறந்திருந்தும் முயலாமல் கிடப்பதைக் காட்டியவர். விலங்கு கையறுநிலையைக் கற்றுக்கொள்கிறது என்பது அன்றைய முடிவு. சுமார் ஐம்பது ஆண்டுகளின் பின் மேயரே அதைத் தலைகீழாக்கினார். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது மூளைத்தண்டின் இயல்பான பதில், கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடுதான். 'இதில் என்னால் ஏதோ செய்ய முடிகிறது' என்பதை முன்மூளை கண்டுகொண்டால் அது கீழே இறங்கி அந்த ஒடுக்கத்தை நிறுத்துகிறது. ஒருமுறை அப்படிக் கற்ற எலி, பின்னர் வழியே இல்லாத துன்பத்திலும் முன்னளவுக்குச் சோர்வதில்லை.

முன்னறிவித்தல் இல்லாத சோதனை, எத்தனை முறை கொடுத்தாலும் மறுபடி கேட்கப்படும் பொலிஸ் பதிவு, தெரியாத மொழியில் நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்து. போர்க்காலக் கொழும்பில் தமிழர் கண்ட இவை ஒவ்வொன்றும் ஆய்வுகூடத்தில் எச்சரிக்கை ஒலியையும் சில்லையும் அகற்றியதற்குச் சமம். நெருக்கீட்டைக் குறைக்கும் பொறுப்பு முழுவதையும் பாதிக்கப்பட்டவரின் தியானத்திலும் மனவுறுதியிலும் சுமத்தும் அறிவுரைகளை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான். ஒரு கடிதம் அதற்குரியவரின் மொழியில் வருவதும், சோதனைக்கு வருபவர் காரணத்தைச் சொல்வதும் உடல்நல விடயங்களே.

ஆயினும் தனிமனிதர் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது. சுவாசம் நாம் நினைத்து மாற்றக்கூடியது. அதன் தாளம் இதயத்தின் தாளத்தோடு பின்னியிருக்கிறது. 2001இல் இத்தாலியர் லூச்சியானோ பெர்னார்டியின் குழு, இலத்தீனில் ஜெபமாலை சொல்வோரையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரம் உச்சரிப்போரையும் அளந்தபோது, இரண்டிலும் சுவாசம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகத் தணிந்திருந்தது. குருதியமுக்கத்தைச் சமன்செய்யும் தெறிவினை அந்த வேகத்தில் மேம்படுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குச் சமயபேதமின்றி வரும் கூட்டத்துக்கு இந்த ஆய்வு தேவையில்லை, மருத்துவர்களுக்குத் தேவை. 2017இல் கெவின் யக்கிளும் அவரது சகாக்களும் சுண்டெலியின் மூளைத்தண்டில், சுவாசத் தாளத்தைக் கவனித்து விழிப்புணர்வை ஏற்றும் நரம்புக்கலங்களின் சிறு தொகுதியொன்றை இனங்கண்டார்கள். அவற்றை நீக்கியபோது சுண்டெலிகள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாயின.

மேலிருந்து செல்லும் வழியையும் கீழிருந்து ஏறும் வழியையும் நம் நாட்டிலேயே அருகருகே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. சுனாமிக்குப் பின்னர் வடகிழக்கில் ஒரு முகாமில், மனவடு நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 31 தமிழ்ப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து காலவரிசையில் சொன்னார்கள். போரும் கடலும் அதனதன் இடத்தில் வந்தன. மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. இரு சாராருக்கும் ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். கிளவுடியா கற்றானியும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதங்களின் பின் கதை சொன்னவர்களில் 81 வீதமும், தியானம் பயின்றவர்களில் 71 வீதமும் குணமடைந்திருந்தார்கள். எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு இல்லாததால் காலம் ஆற்றியது எவ்வளவு என்பதை இதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆனால் ஹிப்போகம்பஸ் தவறவிட்ட தேதியை ஒரு பிள்ளை தானே சொல்லிப் பதிந்துகொள்ளவும், இன்னொரு பிள்ளை தன் மூச்சைத் தானே தணிக்கவும், ஊரில் பயிற்சி பெற்ற ஒருவரும் ஆறு அமர்வுகளும் போதுமாயிருந்தன. கொட்டாஞ்சேனையின் பாடசாலைகளில் அத்தகைய ஒருவரை நியமிப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை.